இரண்டு கதவுக் காற்றாலை

வண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நான் தெரிவித்தேன். இதில் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். வேறு யார் மேலும் எனக்குக் கோபமில்லை.

வண்டி, ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு லிட்டர் இன்ஜின். புனலூர்ப் பக்கம் வெள்ளத்தில் முங்கி, ஆள் தொடாமல் கிடந்ததை நானும் பெஞ்சமின் அண்ணனும் குத்துக்கல்வலசைக்கு இழுத்து வந்தோம். பெஞ்சமின் அண்ணனுக்கு அங்கே ஒர்க்‌ஷாப் இருக்கிறது. எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. சரியாகச் சொன்னால், பிளஸ் டூவோடு நான் அதை முடித்துக்கொண்டேன்.

என் அப்பா பேச்சிமுத்து, போலீஸ் ஏட்டு. நான் பி.காம். சேர வேண்டும் என்பது அவர் கட்சி. ஒர்க்‌ஷாப்பில் சேர வேண்டும் என்பது என் கட்சி. ஒரு மாதம் வீட்டில் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவரே ஸ்டேஷனில் சமாதானம் பேசி முடிக்கிற தோரணையில் முடித்தார்.

"ஏட்டி செல்வி, ஆடி பதினெட்டுக்குள்ள அந்த வண்டிய ஒரு போட்டிக்குக் கொண்டு போ. ஜெயிக்கணும்னு நான் சொல்லல. ஆனா ஒரு பேப்பர் குறையக் கூடாது. குறைஞ்சா காலேஜ்."

கோயம்புத்தூரில் ஒரு கால்மைல் ஓட்டப் போட்டி ஆடியில் வந்தது. பேர் கொடுத்தேன். வண்டிக்கு டர்போ போட முடிவு செய்தோம்.

தென்காசியில் டர்போ என்பது ஒரு ஸ்டிக்கர். ஸ்கூட்டரில் ஒட்டுவார்கள். கொஞ்சம் வசதியானவன் சைலன்சர் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்து, கியர் மாற்றும்போது 'புஸ்ஸ்' என்று சத்தம் வரவைப்பான். கியரே இல்லாத வண்டியிலும் அந்தச் சத்தம் வரும். இப்படி டர்போ இல்லாத எல்லாரும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து டர்போ பற்றி எனக்கு வகுப்பெடுத்தார்கள். எல்லாரும் ஒன்றே சொன்னார்கள்: பெருசாப் போடு.

பெரிய டர்போ ஐயாயிரம் ஆர்.பி.எம். வரை தூங்கும். அப்புறம் திடீரென்று எழுந்து முதுகில் மிதிக்கும். அது எழுந்திருப்பதற்குள் போட்டி முடிந்துவிடும். சின்னது சட்டென்று எழும், ஆனால் மேலே போனால் இளைக்கும். நான் நடுவாந்திரமாக ஒன்று என்றேன். பெஞ்சமின் அண்ணன் சின்னதாக இரண்டு என்றார். அதோடு முடியாது. காற்றைக் கூட்டினால் பெட்ரோலையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் உருகும். அதற்குப் பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப். காற்று சூடாகும், அதற்கு இன்டர்கூலர். இன்ஜின் வலுத்தால் கிளட்ச் வழுக்கும், அதற்கு வேறு கிளட்ச். இத்தனையும் போட்டால் நிற்க வேண்டும், அதற்கு பிரேக். ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பேப்பரும் அப்படித்தான் என்பது அப்போது தெரியாது.

'வாகன உருமாற்றப் பரிசீலனைப் பிரிவு' என்று புதிதாக ஒரு ஆபீஸ் திறந்திருந்தார்கள். கண்காணிப்பாளர் பேர் குற்றாலீஸ்வரன். நல்ல மனுஷன். எதையும் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடமாட்டார்.

"டர்போன்னா என்னம்மா?" என்று கேட்டார்.

இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும், அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் அழுத்தும் என்று சொன்னேன். அவர் 'புகை' என்று மட்டும் எழுதினார். மறுபடி சொன்னேன். மறுபடி கேட்டார். நாலாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், உள்ள ஒரு காத்தாடி இருக்கு. காத்துல சுத்தும். அவ்வளவுதான்."

அவர் முகம் தெளிந்தது. இன்றைக்கும் அந்த முகம் கண்ணில் நிற்கிறது.

"காத்தாடியா? இறக்கை உண்டா?"

"உண்டு."

"எத்தனை?"

"பதினொண்ணு."

"நம்ம பக்கம் மூணுதான் பாத்திருக்கேன்" என்றார் மரியாதையாக. "சுத்துனா சக்தி கூடுமா?"

"நூத்தம்பது குதிரை சக்தி கூடும் சார்."

"அப்ப இது காற்றாலை" என்று எழுதிக் கோடு போட்டார். "சுரண்டை வரைக்கும் அதானே நிக்குது. வேற மாவட்டமா இருந்தா கஷ்டம். நம்ம மாவட்டத்துல அதுக்கு எல்லா விதியும் ரெடியா இருக்கு."

நான் இல்லை என்று வாதாடியிருக்கலாம். கூட வந்திருந்த பெஞ்சமின் அண்ணன் காதோரம் வந்து, "ஏட்டி, மாட்டேன்னு சொல்லாம எதையோ ஒண்ணு எழுதிட்டாருல்லா, விடு" என்றார். ஆடி பதினெட்டுக்கு ஐம்பது நாள் இருந்தது. விட்டேன்.

அதற்கப்புறம் கடிதங்கள் வந்தன. 'பார்வையில் காணும் தங்கள் காற்றாலை தொடர்பாக' என்றே எல்லாம் ஆரம்பிக்கும்.

முதல் கடிதம்: இரண்டு காற்றாலைகளுக்கு நடுவே இறக்கை விட்டத்தைப் போல ஐந்து மடங்கு இடைவெளி வேண்டும். பெஞ்சமின் அண்ணன் டேப்பை எடுத்து பானட்டுக்குள் தலையை விட்டு, ஒரு மணி நேரம் அளந்தார். இடமில்லை. ஆகவே இரட்டை டர்போ கைவிடப்பட்டது; நான் சொன்ன நடுவாந்திரமான ஒன்றையே மாட்டினோம். நாங்கள் இரண்டு வாரமாகச் சண்டை போட்டும் தீராத விஷயத்தை அரசு ஒரே தாளில் தீர்த்துவைத்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது: பறவைகள் அடிபடாது என்று உறுதி வேண்டும். ஏர் ஃபில்டரைப் படம் எடுத்து, 'பறவைத் தடுப்பு வலை' என்று கீழே எழுதி அனுப்பினோம். பாராட்டி பதில் வந்தது.

மூன்றாவது: காற்றாலை நிற்கும் இடத்தின் சர்வே எண். சேசிஸ் எண்ணை அந்தக் கட்டத்தில் எழுதினேன். எழுத்தும் எண்ணும் நடுவே கோடுமாக, உட்பிரிவோடு பார்க்க சர்வே எண் மாதிரியே இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. இடத்தின் வகை என்ற கேள்விக்கு, வெள்ளத்தில் முங்கியதை மறைக்கக் கூடாதே என்று 'நஞ்சை' என்று போட்டேன்.

கடைசியாக நேரடி ஆய்வு. வண்டி குத்துக்கல்வலசையில் இருந்தாலும் ஆய்வு குற்றாலம் ஐந்தருவி கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் என்று கடிதம் சொன்னது. காரணம், காற்றின் வேகம். நல்ல சாரல் சீசன். காற்றாலைப் பிரிவிலிருந்து உதவிப் பொறியாளர் அகமது கபீர் வந்தார். அவரோடு ஆய்வுக் குழு ஒன்பது பேர். ஒன்பது பேர் தோளிலும் துண்டு, கையில் எண்ணெய்ப் பாட்டில். முதலில் தண்ணீரின் வேகத்தை ஆய்வு செய்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஈரத்தலையோடு வந்தார்கள்.

அகமது கபீர் நிஜமான பொறியாளர். பானட்டைத் திறந்த உடனே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"இது டர்போ சார்ஜர்லா" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆமா சார். நீங்களாவது எழுதுங்க சார்."

அவர் ஃபைலைப் புரட்டினார். நூற்றுப் பன்னிரண்டு பக்கம் இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டப் புரட்ட அவருக்குத் துணிச்சல் குறைந்தது.

"டர்போன்னு எழுதுனா நான் வந்ததே தப்பாயிரும்மா. எனக்குக் காற்றாலையை ஆய்வு செய்யத்தான் அதிகாரம். டர்போவைப் பாக்கவே எனக்கு அனுமதி கிடையாது." பானட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "நான் பாக்கல. நீ சொல்லு, நான் எழுதுதேன்."

பொதுச்சாலைக்கும் காற்றாலைக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேட்டார். இறக்கை விட்டம் ஆறு சென்டிமீட்டர், ஐந்து மடங்கு முப்பது. டர்போவிலிருந்து தரை வரை அளந்தேன். அறுபத்திரண்டு. சாலை எங்கே போனாலும் வண்டிக்கு அடியில்தானே இருக்கும். ஆகவே மாநிலத்தின் எல்லாச் சாலைகளிலிருந்தும் எங்கள் காற்றாலை போதிய இடைவெளியில் இருந்தது. பிறகு சாரல் காற்றில் அது சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றவில்லை. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினேன், சுற்றியது. 'காற்று இல்லாத நேரத்தில் பெட்ரோலின் உதவியோடு இயங்குகிறது' என்று எழுதினார். அதில் பொய் ஒன்றுமில்லை.

ஆடி பன்னிரண்டாம் தேதி சான்றிதழ் கைக்கு வந்தது. அப்பா அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். கையெழுத்து, முத்திரை, தேதி, இணைப்பு எல்லாம் பார்த்தார். தலையை ஆட்டினார். நானும் படித்தேன். கடைசி வரியில் இருந்தது: 'மேற்படி காற்றாலை நிலையான கட்டமைப்பு. இடம் பெயர்த்தல் கூடாது.'

"எப்பா, ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றேன்.

"அப்ப ஓட்டாத. விதி விதிதான்."

"ஓட்டாம எப்படிப்பா போட்டிக்குப் போறது?"

அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். காற்றாலை இறக்கையை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அதற்கு அனுமதி உண்டு. அதே மாதிரி எங்கள் வண்டியை ஒரு லாரியில் ஏற்றி, முன்னால் சிவப்புக் கொடி கட்டிய ஜீப்பில் அப்பா போக, கோயம்புத்தூருக்குப் பத்து மணி நேரம் ஊர்ந்து போனோம். கால்மைலைப் பதிமூன்று வினாடியில் கடக்கிற வண்டி அது.

போட்டி நடத்தியவர்கள் ரொம்ப நாகரிகமானவர்கள். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் அட்டை. எங்கள் பேப்பரைப் பார்த்ததும் ஆறு பேர் கூடிவிட்டார்கள். நிலையான கட்டமைப்பை ஓடுதளத்தில் விட முடியாது என்றார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை விடுங்கள் என்று கெஞ்சினேன். அதற்குள் ஒருத்தர் 'காற்றாலை' என்ற சொல்லை இரண்டாவது தடவை படித்துவிட்டு, இது பசுமை ஆற்றல் அல்லவா என்றார். அவர்களுக்கு அந்த வருஷம் அப்படி ஒன்று தேவைப்பட்டதாம். பசுமைப் பிரிவு என்று ஒன்றை அங்கேயே தொடங்கினார்கள். அதில் ஒரே ஒரு வண்டி. லாரியை விட்டு இறங்காமலே எனக்கு முதல் பரிசு.

படத்துக்கு நிற்கும்போது அப்பாவிடம் சொன்னேன், வண்டி ஒரு அடி கூட நகரவில்லை என்று.

"பேப்பர் குறைஞ்சுதா?"

"குறையல."

"பெறகென்ன" என்று கோப்பையை நேராகப் பிடிக்கச் சொன்னார்.

படம் பேப்பரில் வந்தது. அந்த வாரமே தென்காசிப் பையன்கள் டர்போ ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, குற்றாலத்தில் விற்கிற பிளாஸ்டிக் காத்தாடியை வாங்கி வண்டி முகப்பில் ஆணி வைத்து அடித்தார்கள். ஆபீசில் நாற்பத்தேழு விண்ணப்பம் குவிந்தது. குற்றாலீஸ்வரன் சார் திணறிப்போய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாவட்டத்தில் வண்டிக்குள் அங்கீகாரம் பெற்ற காற்றாலை வைத்திருப்பவள் நான் ஒருத்திதான், ஆகவே நான்தான் தொழில்நுட்ப ஆலோசகர் என்றார். நாற்காலி தந்தார். சுழல் நாற்காலி.

அப்பா காலேஜ் பேச்சை அதோடு விட்டார். ஒர்க்‌ஷாப் பேச்சையும் அதோடு விட்டார். நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்றால், உள்ளே உட்கார்ந்து முதல் வேலையாக என் சான்றிதழைத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். திருத்த வேண்டுமானால் மூலச் சான்றிதழில் பிழை இருப்பதாக ஆலோசகர் எழுத வேண்டும். ஆலோசகர் பிழையான சான்றிதழின் பேரில் நியமிக்கப்பட்டவர் என்று ஆகிவிடும். அப்படி நியமிக்கப்பட்டவருக்குத் திருத்த அதிகாரம் கிடையாது. விதியை நாலு தடவை படித்தேன். ஓட்டையே இல்லை. நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

வண்டி லாரியிலிருந்து இறங்கி ஒர்க்‌ஷாப் ஓரத்தில் நிற்கிறது. ஃபைல் நிறைய வந்ததால் நான் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு காலையில், வரிசையில் பெஞ்சமின் அண்ணன் நின்றார். கையில் விண்ணப்பம். ஒரு செங்கோட்டைக்காரர் காருக்கு சூப்பர் சார்ஜர் மாட்டுகிறாராம். டர்போ வேண்டாமென்று பெஞ்சமின் அண்ணனே அவருக்கு யோசனை சொன்னாராம்.

"செல்வி, நீயே இருக்கது நல்லதாப் போச்சு" என்று சிரித்தார். "விளக்க வேண்டாம்லா."

எனக்கு சூப்பர் சார்ஜர் என்றால் என்னவென்று தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் படிவத்தில் அந்தப் பேர் இல்லை.

"காத்துல சுத்துமாண்ணே?"

"இல்லட்டி. இன்ஜின்ல இருந்து பெல்ட் போட்டுச் சுத்தும். உனக்குத் தெரியாததா?"

"பெல்ட்ல சுத்துனா மாவு மில்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், பின்னால் நிற்கிற வரிசையைப் பார்த்தார். எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த கட்டத்தை நிரப்பாமல் விட முடியாது.

"ஈர மாவா, உலர் மாவா?"

பெஞ்சமின் அண்ணன் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார்.

"உள்ள ஆயில் ஓடுது" என்றார். "ஈரம்னே போட்டுக்கோங்க, மேடம்."