பாலத்துக்கு அந்தாண்ட நின்னது யாரு?

ஒரு கதையைக்கூட முடிக்காமல் நிம்மதியாகத் தூங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் செஞ்சி 'மீதி' ஒருவர்தான்.

அறுபதுகளில் நான் அங்கே தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவர் டெண்டு கொட்டகைக்காக மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய், நோட்டீஸ் வீசி, தகரக் குழாயில் படக்கதை சொல்கிறவர். கதாநாயகி கிணற்றில் குதிக்கப்போகும் இடத்தில் சட்டென்று நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்பார்; அதுவே அவர் பெயராகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் பக்கத்துச் சிங்கவரம் கிராமமே டெண்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்.

தொழில் பழக்கம் ஆளையே பிடித்துக்கொண்டது. ஒருநாள் ஆபீசுக்கு வந்து, "சார், உங்க ரூமுக்குள்ள ஒரு பாம்பு பூந்துச்சு. நேரா கட்டிலுக்கு அடியில போச்சு. அப்பறம்..." என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அந்த வாரம் முழுக்க நான் ஆபீஸ் மேஜைமேல்தான் படுத்தேன்.

இங்கிலீஷ் ஆசை வேறு. வேர்க்கடலை மடித்த காகிதங்களைப் பிரித்துப் படித்துக் கற்ற இங்கிலீஷ். அந்தச் சமயம் பார்த்து, கோட்டையில் சின்னப் படம் எடுக்க பம்பாயிலிருந்து ஒருவர் வந்தார். "நல்ல கதை இருந்தால் நான் கிளம்புவதற்குள் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிக் கொடு" என்று மீதியிடம் சொல்லிவிட்டார். காலமெல்லாம் அடுத்தவர் கதையைக் கூவியவருக்குத் தன் கதை திரையில் வர ஒரே சந்தர்ப்பம். எழுதியதைத் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் ஓடி வந்தார்.

தொலைந்த ஆட்டைத் தேடி ஒரு கிழவன் கோட்டையின் ராஜகிரி மலை ஏறுகிறான். உச்சியில் ஒரு மரப்பாலம். இதுதான் கதை. "தி ஓல்ட் மேன் இஸ் கிளைம்பிங் கிளைம்பிங் கிளைம்பிங்" என்று எழுதியிருந்தார். ஒன்று போதுமென்று மற்ற இரண்டையும் அடித்தேன்.

"இன்னா சார், ராஜகிரிய நீங்க ஒரே கிளைம்பிங்ல ஏறிடுவீங்களா?"

நான் பாதி மலையிலேயே திரும்பி வந்தவன். மூன்றையும் விட்டுவிட்டேன்.

பெரிய சண்டை கடைசி வரியில் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது ஆடு அல்ல என்று எழுதிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லியிருந்தார்.

"படம் எடுக்கிறவருக்கே முடிவு தெரியலன்னா எப்படிங்க எடுப்பாரு?"

"முடிவ சொல்லிட்டா அப்பறம் எவன் சார் வருவான்?"

பம்பாய்க்காரர் ரசித்துப் படித்தார். கிளைம்பிங் வந்த இடத்தில் மலையை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். கடைசி வரியில் முகம் மாறியது. முடிவைச் சொல் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். மீதி கையைக் கட்டிக்கொண்டு, "சில்வர் ஸ்கிரீன், சார்" என்றார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அன்று மீதி குழாயைத் தொடவே இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது.

எனக்கு மாற்றல் வந்தபோது பஸ் ஜன்னல் வரைக்கும் வந்தார்.

"சார், உங்களுக்கு மட்டும் சொல்றேன். பாலத்துக்கு அந்தாண்ட நின்னது..."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார். பஸ் இன்னும் கிளம்பக்கூட இல்லை. நான் முறைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

திண்டிவனம் தாண்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. திரும்பி வாங்க என்று சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.