ஈயக்குண்டும் விளைமீனும்

"இஞ்சருங்கோ, அதென்ன உருக்கிறியள்?"

கராஜ் வாசலில் புஷ்பராணி நின்றாள். குணரத்தினத்தின் கையில் அகப்பை, அகப்பையில் உருகிய ஈயம், எதிரே துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அச்சு. ஓடி ஒளிய வழியில்லை.

"ஈயம்," என்றார். அதுவரைக்கும் உண்மைதான்.

"என்னத்துக்கு?"

"தூண்டிலுக்கு. சனிக்கிழமையிலை மீன் பிடிக்கப் போறன்."

ஆறிக் கிடந்த ஒன்றை அவள் எடுத்து உருட்டிப் பார்த்தாள். "தூண்டில் குண்டுக்கு ஏன் மூக்கு?"

"தண்ணியைக் கிழிச்சுக்கொண்டு போறதுக்கு."

"கெதியாப் போகுமோ?"

"இல்லை, மெதுவாத்தான் போகும்."

"பேந்து ஏன் மூக்கு?"

"தள்ளி நில்லும், ஈயப்புகை உடம்புக்குக் கூடாது," என்றார் குணரத்தினம். பதில் தெரியாத கேள்விக்கு அக்கறை காட்டுவது அவருடைய பழைய உத்தி.

கனடாவில், லவால் நகரில் இருபத்தேழு வருடமாகக் கடைசல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் மனிதர் அவர். ஊரில் ஷெல் அடிக்குள் வளர்ந்தவர். ஜூன் மாத வாணவேடிக்கைக்கே மேசைக்கடியில் கிடப்பார்; நித்திரையில் பக்கத்து வீட்டுக் கார்க்கதவு சாத்தினாலும் எழுந்து உட்காருவார். வேலைத்தளத்துக் கியூபெக்காரர் ஒருவர் வற்புறுத்தித் துப்பாக்கிக் கழகத்துக்குக் கூட்டிப் போனபோது, முதல் வெடிக்கு நிலத்தில் குந்திவிட்டார்.

ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தார். சத்தம் அடக்கும் குழாய் கனடாவில் கூடவே கூடாது, பிடித்தால் மறியற்சாலை. குண்டையே மெதுவாகப் போகவைத்தால் அதற்குச் சட்டம் ஒன்றும் சொல்லாது. வீட்டில் வார்த்த மிருதுவான ஈயம், குறைத்துப் போட்ட வெடிமருந்து, ஒலியைவிடச் சோம்பேறியான ஒரு வேகம். காற்றுக்குக் கதவு சாத்தினது போல ஒரு 'டப்'. அவ்வளவுதான். தன் கையால் அளந்த சத்தம், தான் நினைத்த நேரத்துக்கு வருகிற சத்தம். வாழ்நாளில் முதல் தடவையாகக் குணரத்தினம் ஒரு வெடிக்குப் பயப்படவில்லை. அந்தச் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலத்துக்காகவே கிழமையின் மிச்ச ஆறு நாளையும் தள்ளினார்.

சிக்கல் புஷ்பராணிதான். மகன் சின்னவனாக இருந்தபோது கொண்டுவந்த விளையாட்டுத் துப்பாக்கியையே பனிக்குள் எறிந்தவள். "என்ரை வீட்டுப் படியைத் துவக்குத் தாண்டக்கூடாது" என்பது அவள் போட்ட சட்டம். அது கனடாச் சட்டத்தைவிடக் கடுமையானது. தெரிந்தால் துவக்கும் போகும், சனிக்கிழமையும் போகும். துப்பாக்கி அனுமதிப்பத்திர விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்தும் கேட்டிருந்தார்கள். வருமானவரிக் கடதாசிகளுக்கு நடுவில் செருகி நீட்டினார். அவள் வழமைபோல மளமளவென்று வைத்துக் கொடுத்தாள்.

இப்போது மீன் வேண்டும். சனி பின்னேரம் கழகத்திலிருந்து திரும்பும் வழியில் பேனாட்டின் மீன்கடைக்குள் நுழைந்தார்.

"ஒரு ஆத்து மீன் தாரும், பேனாட்."

"ஆத்து மீன் முடிஞ்சுது அண்ணை. விளைமீன் கொண்டுபோங்கோ."

"சரி, துப்பரவாக்கும்."

"கத்தி தீட்டக் குடுத்திட்டன். அப்பிடியே கொண்டுபோங்கோ."

வீட்டில் புளி கரைத்து, வெந்தயம் எடுத்துவைத்து, அடுப்பில் சட்டியும் ஏறியிருந்தது. புஷ்பராணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோற்றில் குழம்பை ஊற்றும்போது, அவள் தம்பி அருமைராசாதான் கேட்டான். சனி இரவு தவறாமல் சாப்பிட வருகிறவன். சாப்பாட்டைவிட விசாரணையில் ருசி கண்டவன்.

"அத்தான், விளைமீன் கடல் மீனெல்லோ. லவால் ஆத்துக்கு எப்பிடி வந்தது?"

"பூமி சூடாகுதெண்டு பேப்பரில போடுறாங்கள், நீர் வாசிக்கிறேல்லையோ?"

அடுத்த கிழமைகளில் பாரை வந்தது, அறக்குளா வந்தது. ஒரு சனிக்கிழமை பேனாட் கட்டிக் கொடுத்த பையை வீட்டில் அவிழ்த்தால், சின்ன மீன்களோடு ஐந்து நண்டு. அன்றைக்கென்று புஷ்பராணி, நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சும் கூழுக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா ஊறவைத்திருந்தாள்.

"தூண்டிலிலை நண்டோ?" என்றான் அருமைராசா.

"கொளுக்கியைக் கவ்வினது விடேல்லை. பிடிவாதமாத் தொங்கிக்கொண்டு வந்திட்டுது."

"ஐஞ்சுமோ?"

"ஒண்டின்ரை காலை ஒண்டு பிடிச்சுக்கொண்டு."

"தம்பி, கூழ் ஆறுது, குடி," என்றாள் புஷ்பராணி.

ஜனவரி வந்து ஆறு உறைந்தது. பொய்யும் அதோடு உறைந்திருக்கலாம். குணரத்தினமோ, பனிக்கட்டியில் ஓட்டை போட்டுப் பிடிப்பதாகச் சொல்லிவைத்தார். கியூபெக்கில் எல்லோரும் செய்வதுதானே. பாதகம் என்னவென்றால், அருமைராசா காணொளி பார்த்துவிட்டான்.

"அத்தான், அந்த ஓட்டை ஒரு சாப்பாட்டுக் கோப்பையளவு. போன கிழமைப் பாரை தாம்பாளமளவு. எப்பிடி வெளியில வந்தது?"

"மடிச்சு எடுத்தனான்."

அருமைராசா கரண்டியை வைத்தான். "வாற சனி நானும் வாறன். தூண்டில் வாங்கிட்டன். ஐஸ் துளைக்கிற மெசினும் வாங்கிட்டன்."

அந்தக் கிழமை முழுக்கக் குணரத்தினம் யோசித்தார். தூண்டிலை எப்படிப் பிடிப்பதென்றே அவருக்குத் தெரியாது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனை மீனைச் சாகடிப்பது? சனிக்கிழமை காலை, மச்சான் வருவதற்கு முன் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, நேரே பேனாட்டின் கடைக்குப் போனார்.

"பேனாட், இனி நான் மீன் வாங்க வரமாட்டன்."

"ஏன் அண்ணை, மீனிலை பிழையோ?"

"பிழை என்னிலை. நான் மீன் பிடிக்கிறனெண்டு வீட்டில பொய் சொல்லிப்போட்டன். கழகத்திலை துவக்குச் சுடப் போறனான். இண்டைக்கு அவளுக்குச் சொல்லிப்போட்டு, துவக்கை வித்துப்போடுவன்."

அந்தச் சின்ன 'டப்' இனி இல்லை. இனி மற்றவர்கள் போடும் சத்தங்கள் மட்டும்தான்.

பேனாட் தராசுக்கு அடியிலிருந்து, முன்னமே கட்டி வைத்திருந்த ஒரு பையை எடுத்து மேலே வைத்தான். உள்ளே ஒடுங்கலான ஆத்து மீன் நாலு. கோப்பையளவு ஓட்டைக்குள்ளால் தாராளமாக வரும்.

"விசர் வேலை பாக்காதேங்கோ அண்ணை," என்றான். "வெள்ளிக்கு வெள்ளி புஷ்பராணி அக்கா எனக்குப் போன் எடுக்கிறவ: 'துவக்குக் கடதாசியிலை என்னட்டைக் கையெழுத்து வாங்கிப் போனதிலயிருந்துதான் அந்த மனுசன் திடுக்கிட்டு எழும்பாமல் நித்திரை கொள்ளுது, பிடிச்ச மீன் மாதிரி இருக்கட்டும், செதில் எடுக்காமல் குடுங்கோ' எண்டு."