பன்னிரண்டு சிடியும் நெத்திலிக் கருவாடும்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். அதிலேயே கல்யாணம் நிற்கப் பார்த்தது.

"எனக்கும் அந்த பேண்டுன்னா உயிர் சார்." இதுதான் அந்தப் பொய். சொன்னது சுமதியின் அப்பாவிடம். சுமதி என்னோடு வேலை பார்த்தவள். அவளை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். (சுமதி என்றோ முடிவு செய்துவிட்டாள்.) பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு முதலியார்பேட்டைக்குத் திரும்பிய சொல்தா அவர். அந்த வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை ஒரு பாக்ஸ் செட்டுக்கு. ஐம்பது வருஷமாக மேடையேறும் இங்கிலாந்து ராக் குழு ஒன்றின் கச்சேரிகள். பன்னிரண்டு ஊர், பன்னிரண்டு சிடி.

"என் அறுபதாங் கல்யாணத்துக்கு இதான் போடணும். மண்டபத்துல சிடி போட முடியாதாம். பென்டிரைவ்ல ஏத்திக் குடுங்க, பார்ப்போம்" என்றார். அந்தப் 'பார்ப்போம்' எனக்கு வைத்த பரீட்சை என்பது புரிந்தது.

நெல்லித்தோப்பில் என் அறையில் உட்கார்ந்து கேட்டேன். முதல் சிடியில் இருந்த பாட்டுகளே இரண்டாவதிலும் இருந்தன. மூன்றாவதிலும். பாவம், கடைக்காரன் ஒரே சிடியைப் பன்னிரண்டு தடவை தலையில் கட்டிவிட்டான் என்று பரிதாபப்பட்டேன். இருப்பதில் தெளிவான பாரிஸ் கச்சேரியை மட்டும் ஏற்றி, நடுவில் வந்த கைத்தட்டல், விசில், கூச்சல் எல்லாவற்றையும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து கனகசெட்டிக்குளத்திலிருந்து நண்பன் முருகன் வந்தான். "பழைய சிடி இருந்தா குடு மச்சான். காயவச்ச நெத்திலிய காக்கா தூக்கிட்டுப் போவுது. கயித்துல கட்டித் தொங்கவிட்டா மினுக்குறதப் பார்த்து பயந்து ஓடுமாம்." பென்டிரைவில் ஏறிய பிறகு சிடி எதற்கு? பன்னிரண்டையும் கொடுத்துவிட்டேன். அடுத்தவர் பொருளாயிற்றே என்று தோன்றவே இல்லை. என் அறிவு அப்படி.

விழாவில் பாட்டு ஓடியது. ஆறாவது பாட்டு முடியும் நேரத்தில், கழுத்தில் மாலையோடு அவர் கையை உயர்த்தினார். மண்டபமே அடங்கியது.

"கேளுங்க. இப்ப என் கொரல் வரும். பாரிஸ்ல எனக்கு முன்னாடி ஒருத்தன் எழுந்து நின்னு மறைச்சான். நான் போட்ட சத்தம் அப்படியே பதிவாயிருக்கு."

ஏழாவது பாட்டு ஆரம்பித்தது.

"சத்தமெல்லாம் எங்க?"

"இரைச்சல்னு வெட்டிட்டேன் சார்."

"சிடி?"

"காக்கா ஓட்டப் போயிருக்கு சார்."

சுமதி என்னை யாரென்றே தெரியாதவள்போல் பந்தியைக் கவனிக்கப் போனாள். கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். நிஜமாகவே அழுகை வந்தது. அவர் மாலையைக்கூடக் கழற்றாமல் காரை எடுத்தார். வழி சொல்ல மட்டும் வாயைத் திறந்தேன்.

கனகசெட்டிக்குளத்தில் பன்னிரண்டும் கயிற்றில் தொங்கின. பாரிஸ் சிடிக்கு நேர் கீழே ஒரு காக்கா நிதானமாக நெத்திலி தின்றுகொண்டிருந்தது. "ஒண்ணும் பயப்படல மச்சான், எடுத்துட்டுப் போ" என்றான் முருகன்.

அவர் பட்டு அங்கவஸ்திரத்தால் பாரிஸ் சிடியைத் துடைத்து கார் பிளேயரில் போட்டார். நான் மற்றவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். ஆறாவது பாட்டு முடிந்தது. ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்களின் கூச்சலுக்கு நடுவே, சுத்த முதலியார்பேட்டைத் தமிழ்: "டேய், உக்காருடா." அங்கே ஒரு கீறல். "உக்காருடா, உக்காருடா, உக்காருடா" என்று சிடி அங்கேயே சிக்கிக்கொண்டது.

அவர் அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "அவ்ளோ தடவ சொல்றான்ல? உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

"இந்த பேண்ட நீங்க கேட்டதே இல்ல, அதான?"

"இல்ல சார்."

"சார் இல்ல. மாமா."

அந்த சிடிப் பெட்டியைத் திறந்தால் இன்றும் நெத்திலி வாசம் வரும். அந்த வீட்டில் என்னை யாரும் சாப்பிட வாங்க என்று கூப்பிடுவதில்லை. என் ஆறு வயது மகள் தட்டை வைத்துவிட்டு, அதே கீறலோடு மூன்று தடவை சொல்வாள்: "உக்காருடா, உக்காருடா, உக்காருடா."