சட்டசபைக் குழுவும் என் வீட்டு பக்கெட்டும்

வீட்டுக்கு யாருமே வராத மனிதனிடம் எந்தப் பொறுப்பை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். "நாளைக்கு உன் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள்" என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்பது எங்கள் காலனிக்கு நன்றாகத் தெரியும். அதைத் தெரியவைத்தவன் நான்தான்.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரம் தாண்டி முடிச்சூர் போகும் வழியில் எங்கள் காலனி. ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் நின்ற இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் வைத்தார்கள், பரண் வைத்தார்கள், மழைத் தண்ணீர் வெளியே போக ஒரு கால்வாய் வைக்க மட்டும் மறந்துவிட்டார்கள். ஐப்பசி பிறந்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். என் வீடு எல்லாவற்றையும்விடத் தாழ்ந்த கோடியில் இருந்தது. மொத்தக் காலனித் தண்ணீரும் கடைசியில் என்னைத் தேடி வந்துவிடும். (என்னைத் தேடி வந்தது அது ஒன்றுதான்.)

அப்பா பெயரில் கிடைத்த வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். அக்கா கல்யாணமாகித் திருச்சிக்குப் போனாள். நான் மட்டும் மிச்சம். பத்தாவது முடித்துவிட்டுக் குரோம்பேட்டையில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. காலையில் ரயில், சாயங்காலம் ரயில், நடுவில் பசையும் அட்டையும். எனக்குப் பேச்சு வராது. வந்தாலும் எதிரே இருந்தவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும்.

காலனிச் சங்கத்தின் செயலாளர் ஞானப்பிரகாசம் சார், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கால்வாய் கேட்டு மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வழியாக அந்த வருஷம் சட்டசபையிலிருந்து ஒரு குழு நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களும் இருக்கிற குழு. வீடு கட்டிய அதிகாரிகளை அந்த இடத்திலேயே நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள், பார்த்ததைச் சபையில் அறிக்கையாக வைப்பார்கள், அப்புறம் கால்வாய் வந்துதான் தீரும் என்றார் சார்.

"ஆனா ஒண்ணு. கண்ணால பார்த்தாத்தான் எழுதுவாங்க. அவங்க வர்ற அன்னிக்குத் தண்ணி நிக்கணும்."

தண்ணீர் நின்றது. மழைதான் நின்றுபோய்விட்டது. அத்தோடு, அதுவரை எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத அதிகாரிகளின் லாரி ஒன்று வந்தது. பம்பு வைத்துத் தெருத் தண்ணீரை உறிஞ்சினார்கள். பள்ளத்தில் செம்மண் கொட்டி, ஓரத்தில் கோலம் மாதிரி ப்ளீச்சிங் பவுடர் தூவினார்கள். குழு வருவதற்கு முந்தின நாள் பார்த்தால் தெரு கல்யாண வீடு போல இருந்தது.

பம்புக்காரர்கள் வீடுகளுக்குள் வரவில்லை. மற்ற வீடுகளில் தண்ணீர் தானாக வடிந்துவிட்டது. என் வீட்டுக்குள் மட்டும் கணுக்கால் வரை நின்றது.

சாயங்காலம் ஞானப்பிரகாசம் சார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். பக்கத்து வீட்டு சரோஜா அக்காவும் கூட வந்தார். அக்கா தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார்.

"தம்பி, காலனியோட சாட்சியே உன் வீடுதான். ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. நாளைக்குக் காலைல அவங்களை நேரா உன் வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வரப்போறேன்."

"நீ இன்னா பண்ணணும்னா," என்றார் அக்கா, "ஒண்ணியும் பண்ணக் கூடாது. கட்டில் மேல குந்திகினு கம்முனு இரு. அது உனக்கு நல்லா வரும்."

தலையை ஆட்டினேன். அவர்கள் போனார்கள். என் காதில் நின்றது ஒரே வார்த்தைதான்: "உன் வீட்டுக்கு."

அம்மா காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசற்படியை மிதித்து உள்ளே வந்தவர்கள் கிடையாது. மீட்டர் பார்க்க வருபவர்கூட வெளியிலேயே பார்த்துவிட்டுப் போய்விடுவார். இப்போது ஒரு குழுவே வருகிறது! கட்டில் மேல் உட்கார்ந்து அறையைப் பார்த்தேன். கொடியில் என் லுங்கி. தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்துகொண்டிருந்தது. மூலையில் ஒரு தவளை, வாடகை கொடுக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

லுங்கியை மட்டும் எடுத்துவிடலாம் என்றுதான் இறங்கினேன், சத்தியமாக. பிறகு செருப்பு. பிறகு தவளை. பிறகு, வருகிறவர்கள் வயசானவர்களாக இருந்தால் எங்கே உட்காருவார்கள் என்ற கவலை வந்தது. நாற்காலி போடுகிற இடத்தில் மட்டும் தண்ணீரை எடுத்துவிட்டால் போதும் என்று பக்கெட்டை எடுத்தேன். (தண்ணீர் அப்படி ஓர் இடத்தில் மட்டும் குறையாது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்.)

மொண்டு மொண்டு பின்பக்கம் ஊற்றினேன். தண்ணீர் போனதும் சேறு தெரிந்தது. சேற்றோடு ஒரு வீட்டை நாலு பேருக்குக் காட்ட முடியுமா? கழுவினேன். பினாயில் போட்டேன். சமையல் அறையிலாவது தண்ணீரை விட்டுவைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் காப்பி அங்கேதானே போட வேண்டும்! சுவரில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு அசிங்கமாக இருந்தது. பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு மிச்சம் இருந்ததால் அதையும் மறைத்துவிட்டேன். வேலை செய்யும்போது நான் பாடிக்கொண்டிருந்தேன் என்று ஞாபகம். எனக்குப் பாடவும் வராது.

காலையில் இரண்டு ஜீப்புகள் வந்தன. ஞானப்பிரகாசம் சார் முன்னால் நடந்து வந்து, "ஐயா, இப்ப நீங்களே உங்க கண்ணால பாருங்க!" என்று என் வீட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டார்.

பார்த்தார்கள். தரை பளபளவென்று இருந்தது. பெஞ்சில் அம்மாவின் பூப்போட்ட போர்வை விரித்திருந்தது. ஊதுவத்தி புகைந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் காப்பித் தட்டோடு நான் நின்றேன்.

சார் திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றார். அவருக்குப் பின்னாலிருந்து சரோஜா அக்கா எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவி! இன்னாடா, உன்னிய பொண்ணு வூட்டுக்காரங்களா பாக்க வந்துகீறாங்க?"

குழுத் தலைவர் வயசானவர். அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை எடுத்துக்கொண்டார்.

"இந்த வீட்லதான் தண்ணி நின்னதா?"

"ஆமாங்க."

"எப்ப வரைக்கும்?"

"நேத்து வரைக்குங்க."

"இப்ப எங்கே போச்சு?"

"நான்தாங்க எடுத்து ஊத்திட்டேன்."

"ஏம்பா?"

உண்மையைத்தான் சொன்னேன். "நீங்க வர்றீங்கன்னுங்க."

குழுவோடு வந்து அதுவரை வியர்த்துக்கொண்டிருந்த, வீடு கட்டிய இலாகா எஞ்சினியர் மெல்ல முன்னால் வந்தார். "பாருங்க சார். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு பக்கெட். அவ்வளவுதான் சார் இங்க தண்ணி."

உறுப்பினர்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் எழுதிக்கொண்டார். ஞானப்பிரகாசம் சார் மழையைப் பற்றியும் தெருவைப் பற்றியும் என்னென்னவோ சொன்னார். எல்லாவற்றுக்கும் எஞ்சினியர் என் தரையைக் கை காட்டினார். கிளம்பும்போது தலைவர் என் தோளைத் தட்டி, "காப்பி நல்லா இருந்துச்சுப்பா" என்றார். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். அவர்கள் போன பிறகு தம்ளர்களைக் கழுவினேன். அத்தனை எச்சில் தம்ளர்களை அந்த வீட்டில் அதற்கு முன் நான் கழுவியதில்லை.

கால்வாய் வரவில்லை. சார் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தெருவில் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்வார். குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். முன்பாவது என்னை யாரும் கவனிக்கவில்லை. இப்போது கவனித்து ஒதுக்கினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அடுத்த மழைக்குத் தண்ணீர் வழக்கம் போல உள்ளே வந்தபோது, இதுவாவது வந்ததே என்றிருந்தது.

தொண்ணூறுகளில் இன்னொரு குழு வருவதாகச் செய்தி வந்தது. முந்தின நாள் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், தண்ணீருக்கு நடுவில் சரோஜா அக்கா, பின்னால் ஞானப்பிரகாசம் சார்.

"கமிட்டி வந்துகீது, வழி வுடு" என்ற அக்கா, நேராக உள்ளே போய் என் பக்கெட், குவளை, துடைப்பம் எல்லாவற்றையும் பறிமுதல் செய்தார். சார் கட்டிலில் கால் தூக்கி உட்கார்ந்துகொண்டார். விடியும் வரை நகரவில்லை. "உன்னை நம்ப முடியாதுப்பா" என்றார். அத்தனை வருஷம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் குழு முழங்கால் வரை நனைந்துவிட்டுப் போனது. கால்வாய் வந்தது. சார் இன்று இல்லை. தண்ணீரும் இப்போது என் வீட்டுக்கு வருவதில்லை.

ஆனால் வருஷா வருஷம் முதல் மழை பிடித்ததும் சரோஜா அக்கா வந்து, "கமிட்டி வந்துகீது" என்று சொல்லி என் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவருடைய பேரப் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதை பாடம். மழை விட்டதும் பக்கெட்டை வாங்க நான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். போனால் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுப்பார்.

இந்த வருஷம் மழை இன்னும் பிடிக்கவில்லை. பக்கெட்டைக் கழுவி வாசலிலேயே வைத்திருக்கிறேன்.