மோரி என்றொரு கிராமம்

ஒரு மொழி சுத்தமாகத் தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. நன்றாகத் தெரிந்தவனாலும் இல்லை. ஐம்பது வார்த்தை தெரிந்தவனைத்தான் கட்டிப்போட்டு வைக்க வேண்டும். இருபத்தோரு வயதில் எனக்குக் கன்னடத்தில் சரியாக ஐம்பது வார்த்தை தெரிந்திருந்தது.

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் வேளாண் வணிகம் படித்துக்கொண்டிருந்தேன். மைசூர் பூ வியாபாரத்தைப் பார்த்து வர மூன்று நாள் படிப்புச் சுற்றுலா என்று எங்கள் பேராசிரியை மங்கை மேடம் அறிவித்தார். வேனில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். மதிப்பெண் வரிசையில் நான் முப்பத்திரண்டாவது ஆள். "வியாபாரிங்ககிட்ட அவங்க மொழியிலேயே பேசணும். கன்னடம் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று மேடம் கேட்டதும், என் கை என்னைக் கேட்காமல் மேலே போய்விட்டது. பன்னிரண்டாவது இடத்தில் இருந்த சரவணன் இறக்கப்பட்டான், நான் ஏற்றப்பட்டேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. மைசூர் ஹெப்பாளில் என் அத்தை வீடு இருக்கிறது. மாமாவுக்குத் தொழிற்சாலை வேலை. பள்ளி விடுமுறையில் இரண்டு முறை போயிருக்கிறேன். அப்போதே ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தேன்: தமிழில் 'ப' வந்தால் 'ஹ' போடு, கன்னடம் தயார். பால் ஹாலு. பல் ஹல்லு. பத்து ஹத்து. (இவ்வளவு சுலபமான மொழியை ஏன் வருஷக் கணக்கில் படிக்கிறார்கள் என்று அனுதாபப்பட்டதும் உண்டு.) அதன்படி பூ ஹூவு. கூடுதல் தகுதிக்கு இருக்கட்டுமே என்று பாம்பையும் மனப்பாடம் செய்தேன், ஹாவு. வேனில் தூங்கி எழுந்தபோது இரண்டும் தலைக்குள் இடம் மாறியிருந்தன.

தேவராஜ மொஹல்லாவில் பூக்காரர்கள் உட்காரும் ஒரு சந்து. மேடம் மற்றவர்களை விலை விசாரிக்க அனுப்பிவிட்டு, ஒரு கடைக்காரரிடம் விரிவான பேட்டி எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். நோட்டைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"ஹாவு எல்லிந்த பருத்தே?"

பூ எங்கிருந்து வருகிறது என்று கேட்டதாக என் நம்பிக்கை. அந்த அம்மா கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையும் நோட்டையும் பார்த்தார். பிறகு மடை திறந்த மாதிரி பேசினார். எனக்கு நாலைந்து வார்த்தைதான் பிடிபட்டது; அத்தனையும் முத்து. "மோரியிந்த" வருகிறதாம். ஊர்ப் பெயர், குறித்துக்கொண்டேன். மழைக்காலத்தில் ஜாஸ்தி. சரிதானே, பூ அப்படித்தான். நேற்று 'எரடு' வந்ததாம். இரண்டு கூடை. வந்ததை என்ன செய்வீர்கள் என்று சைகையில் கேட்டேன். "நம்ம மனெயவரு ஹொடித்தாரெ" என்றார். சூத்திரத்தைப் போட்டேன். ஹொடி என்றால் பொடி. வீட்டில் உள்ளவர்கள் பூவைப் பொடியாக்குகிறார்கள். குடிசைத் தொழில்! கடைசியாக, எப்போது மறுபடி வருவீர்கள் என்று அவர் கேட்டது மட்டும் எனக்கு ஒழுங்காகவே புரிந்தது. "நாளே" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மாலை விடுதியில் என் அறிக்கையை வாசித்தேன். மேடத்தின் முகம் மலர்ந்தது. மீந்த பூவைப் பொடி செய்யும் கிராமம் என்றால் மதிப்புக்கூட்டல் அல்லவா, நம் பாடத்திட்டத்தின் உயிர்நாடி அல்லவா என்றார். மறுநாள் அரண்மனை பார்ப்பது ரத்து, அதற்குப் பதில் மோரி கிராமம். பதினோரு பேரும் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

காலையில் வேன் கிளம்பியது. டிரைவரும் எங்கள் ஊர்க்காரர், ஆகவே வழி கேட்பதும் என் வேலை. செல்போன் வரைபடத்தில் மோரி இல்லை. (சின்ன ஊர் மேடம், அதான் என்றேன்.) டீக்கடைக்காரரிடம் "மோரி எல்லி?" என்று கேட்டேன். அவர் கடையோரம் தரையைக் காட்டினார். கிட்டத்தில்தான் இருக்கிறது என்று மொழிபெயர்த்தேன். அடுத்து பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர், எல்லாப் பக்கமும் இருக்கிறதே என்று கையை வீசினார்.

"பெரிய ஊர் போலிருக்கு மேடம்."

"இப்பதானே சின்ன ஊர்னு சொன்ன" என்றார் மேடம்.

ஒன்றரை மணி நேரம் சுற்றியபின், பூக்கார அம்மாவையே கேட்டுவிடலாம் என்று மேடம் முடிவெடுத்தார். சந்து முனையில் வேன் நின்றதும் நான் கடைசி ஆளாக இறங்கினேன். ஆனால் எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கூடையைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு, வாங்க என்று கையசைத்து முன்னால் நடந்தார். சந்தின் பின்பக்கம், ஒரு சுவரோரம் போய் நின்று, குனிந்து கை காட்டினார்.

"இதே மோரி."

மூடி உடைந்த சாக்கடை. பதின்மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம்.

"இங்கேருந்தா பூ வருது?" என்று மேடம் ஈனசுரத்தில், தமிழில், கேட்டார்.

அந்த அம்மா திரும்பினார். "நீங்க தமிழாளுங்களா? எனக்குத் தமிழ்நாட்டு எல்லையோரம் ராமாபுரங்க, வீட்டுல தமிழ்தான் பேசறது. இந்தப் பையன் கன்னடத்துல கேட்டானேன்னு நானும் கன்னடத்துல சொன்னேன். பூவா? இவன் பாம்பு எங்கிருந்து வருதுன்னல்ல கேட்டான். நோட்டும் கையுமா நின்னானா, பாம்பு புடிக்கச் சொல்லி நாங்க குடுத்த மனுவுக்கு கார்ப்பரேஷன் ஆபீசுலிருந்து ஆள் வந்துட்டாங்கன்னு நெனச்சுப்போட்டேன். எங்க வீட்டுக்காரரு எத்தனயத்தான் அடிக்கிறது? இன்னிக்கு இத்தன பேரு வந்திருக்கீங்களே, புடிச்சுருவீங்கன்னு பார்த்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. மேடம் என் நோட்டை வாங்கி, 'குடிசைத் தொழில்' என்ற தலைப்பைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாவிடம் தமிழிலேயே ஒரு மணி நேரம் பேட்டி நடந்தது. கிளம்பும்போது அவர் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்தார். என்னிடம், "தப்பில்ல கண்ணு, தைரியமாத்தான் பேசின" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அரண்மனையை ஊர் திரும்பும்போது வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். சிக்னலில் சிவப்பு விளக்கு விழுந்ததால் ஒரு நிமிடம் கூடுதலாகவே கிடைத்தது. அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

ஆறு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மண்டப வாசலில் பதினோரு பேரும் சேர்ந்து பத்தடிக்கு ஒரு பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். 'எங்கள் கிராமத்தை உலகறியச் செய்த மணமகனை வாழ்த்தும் மோரி ஊர்ப் பொதுமக்கள்.' என் மாமனார் அதன் முன் நின்று நெடுநேரம் படித்தார். அந்த ஊரைப் பற்றிக் கேட்கவும் செய்தார். தாலி கட்டும் நேரத்தில் சாக்கடைக் கதை சொல்ல முடியுமா? மைசூர்ப் பக்கம் மாமா என்று மட்டும் சொன்னேன்.

என் மனைவிக்கு முழுக்கதையும் தெரியும். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று அவள்தான் தடுத்து வைத்திருக்கிறாள். மாமனார் இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, குரலில் ஒரு பெருமையோடு சொல்கிறார்: "மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் மோரி."