வேர்க்கும் சீன ஜாடி

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குகிற கூட்டம் இப்போதெல்லாம் பால்கோவா கேட்பதில்லை. "ஜாடி எங்கே?" என்றுதான் கேட்கிறது.

நீலமும் தங்கமுமாக, இடுப்பளவு உயரத்தில் ஒரு பழங்காலச் சீன ஜாடி. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் பணக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டப மேடையில் பட்டு கட்டி அதை உட்கார வைத்திருந்தார் 'ஜாடிச் சித்தர்' பாண்டிதுரை. சீனச் சக்கரவர்த்தியின் நோயை எல்லாம் வாங்கிக்கொண்ட ஜாடியாம். எதிரே நின்று நோயைச் சொன்னால் அதற்கு வேர்க்குமாம். அந்த வேர்வையைத் தண்ணீரில் கலந்து பாட்டில் பாட்டிலாக விற்றார். சீனத்து ஜாடிக்கு நம் ஊர்த் தமிழ் எப்படிப் புரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசையில் முதல் ஆள் அறிவியல் வாத்தியார்!

ராஜபாளையம் தங்கச்சாமி ரிட்டையர்டு மிலிட்டரி. எல்லையில் சீன ராணுவத்துக்கு எதிரே துப்பாக்கியோடு நின்றவர், சீன ஜாடிக்கு முன்னால் குப்புற விழுந்தார். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். பிரிட்ஜில் இருந்த இன்சுலினைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு ஜாடித் தண்ணீரை அடுக்கினார். "இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொன்னதும், மனைவி செல்லத்தாய் புது ஊசி மருந்து வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, ஊசியைப் போட்டுக்கோங்க."

"ஏட்டி, ஜாடிச்சாமிக்கு எம்புட்டு வேர்க்குது தெரியுமா? அம்புட்டும் என் நோவுதான்!"

அடுத்த முறை அவளும் கூடப் போனாள். யாரும் பார்க்காத நேரம் ஜாடியைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

மறுநாள் மீன்கடை பாரூக் பாயிடம் ஐஸ் வாங்கினாள். எவர்சில்வர் குடத்தில் போட்டு, தட்டால் மூடி, ஜாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். செத்த நேரத்தில் குடத்துக்கும் வேர்த்துக் கொட்டியது. இரண்டு பேர் குடத்தைப் பார்த்தும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நம் பக்தர்களுக்குப் பாரபட்சமே கிடையாது.

"கும்பிடாதீக, உள்ள ஐஸு!" என்று குடத்தைச் சாய்த்துக் காட்டினாள். "சித்தரே, உங்க ஜாடியையும் தொறங்க."

"தொறந்தா ஊரே அழிஞ்சிரும்!"

"அழிஞ்சா அழியட்டும். எனக்கு எம்புருசன் காலு வேணும்."

மூடியைப் பிடுங்கினாள். ஜாடி நிறைய ஐஸ்கட்டி.

பாண்டிதுரை அசரவில்லை. "நம்பிக்கை இல்லாதவ தொட்டா. தீர்த்தம் ஐஸாயிருச்சு!" அறிவியல் வாத்தியார் அதற்கும் தலையாட்டினார்.

தங்கச்சாமி ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். மிலிட்டரிக்கு இப்போதுதான் நிஜமாகவே வேர்த்தது.

"வாட்டி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பின்வாசல் பக்கம் நழுவிய சித்தரைச் சிலர் அமுக்கிப் பிடித்தார்கள். மிச்சப் பேர், பாட்டிலில் மீதியிருப்பதைக் குடிக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

புருசனைக் கைத்தாங்கலாக நடத்திப் போன செல்லத்தாய் வாசலில் நின்று திரும்பினாள்.

"ஜாடி மூடியத் தொறந்து காட்டிட்டேன். உங்க மண்டை மூடிய நீங்கதான்யா தொறக்கணும்!"