பேய்க்கு ஸ்வெட்டர் போட்ட சர்வே அக்கா

உலகத்தில் எத்தனையோ பேர் பேய்ப்படம் எடுத்திருக்கிறார்கள். பேய்க்குக் குளிருமே என்று ஸ்வெட்டர் போட்டுவிட்ட ஒரே டைரக்டர் எங்கள் சர்வே அக்காதான். இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்ட பேய் நான்தான்.

இலங்கை மலையகத்தில், பதுளையில் மீடியா டிப்ளோமா படித்தபோது நாங்கள் இருவரும் ஒரே போர்டிங்கில், ஒரே அறையில் இருந்தோம். நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அவள் தெமோதரைத் தோட்டம். என்னைவிட ஒரு வயது மூத்தவள். இறுதி வருட வேலையாக அவள் எடுத்த பேய்ப்பட டிரெய்லரைப் பார்த்த எங்கள் விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பிள்ளை, இதைப் பார்க்கப்போற சனத்தை ஒருக்கா எண்டாலும் கேட்டனீரோ?" என்று கேட்டார். கேட்கவில்லை. ஃபெயில்.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்தப் பைத்தியம். அதற்குப் பிறகு யாரையும் கேட்காமல் அவள் ஒரு காரியமும் செய்ததில்லை. காலையில் பருப்பா, சம்பலா என்பதற்கு போர்டிங்கே கை தூக்க வேண்டும். முடியைக் குட்டையாக வெட்டலாமா என்று பசறை பஸ்ஸில் கேட்டாள். பஸ்ஸே இரண்டு கட்சியாகி, வளைவுக்கு வளைவு சத்தம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் கண்டக்டர் வந்து, அம்மா தாயே, இப்படியே லட்சணமாக இருக்கிறாய் என்று சமாதானம் செய்து டிக்கெட் கொடுத்தார். சர்வே அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

சிரித்தோமே தவிர, அவள் நிலைமை எங்களுக்குத் தெரியும். இந்தத் தடவையும் தவறினால் படிப்பை விட்டுவிட்டு, கொழும்பில் அவள் அண்ணன் பார்த்து வைத்திருந்த துணிக்கடை வேலைக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். அண்ணன் நல்ல மனுஷன்தான். ஆனால் போனில் படம் எப்படி வருகிறது என்று ஒருநாளும் கேட்கமாட்டார். எப்போது வருகிறாய் என்றுதான் கேட்பார். போனை வைத்துவிட்டு அவள் மறுபடியும் லேப்டாப்பைத் திறப்பாள்.

புது டிரெய்லரின் கதை சின்னது. தோட்டத்தில் சுவரோடு சுவராக வரிசையாய்க் கட்டிய லயத்து வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். மூடிய கதவு தட்டப்படுகிறது. திறந்து பார்த்தால் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வெள்ளைச் சேலையும் விரித்த தலையுமாக நான் வருகிறேன். எடுத்த மறு ஞாயிறே தெமோதரையில் அவள் வீட்டு லயத்து வாசலில் கதிரை போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, அக்கம்பக்கத்தையெல்லாம் தேத்தண்ணீரோடு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள்.

நான் திரையில் தோன்றினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "அட, நம்ம புள்ளயோட கூட்டாளி. சாப்பிட்டியாம்மா?" என்று பேயிடம் கேட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான், சாப்பிட்டேன் என்று பதில் சொல்லித் தொலைத்தேன். அதோடு முடிந்தது பயம்.

அக்கா விடுவாளா? எங்கே பயந்தீர்கள், என்ன குறை என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். பயந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைக்குக் குளிருமே என்றார்கள். அடுத்த ஞாயிறு எனக்குச் சிவப்பு ஸ்வெட்டர் வந்தது. வெறுங்காலில் அட்டை கடிக்கும் என்றார்கள், செருப்பு வந்தது. கொழுந்தை மிதித்துக்கொண்டு வருகிறதே, கங்காணி பார்த்தால் ஏசுவாரே என்றார்கள். பேய் தேயிலைக்குள்ளிருந்து ஒற்றையடிப் பாதைக்கு மாறியது. கடைசியில் நான் கடைக்குப் பருப்பு வாங்கப் போகிறவள் மாதிரி வந்து சேர்ந்தேன். குழந்தைகள் எனக்குக் கை காட்டினார்கள்.

மூன்றாவது தடவை போட்டபோது அக்கா ஒன்றும் கேட்கவில்லை. லேப்டாப்புக்குப் பக்கத்தில் திரும்பி நின்று சனங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதுளைக்கு ரயிலில் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீ வர்றதுக்கு முன்னாடி கதவு தட்டுற சத்தம் வருதுல்ல, அப்ப யாருமே தேத்தண்ணி குடிக்கல புள்ள. ரெண்டு பேரு அவுங்கவுங்க வீட்டுக் கதவத் திரும்பிப் பாத்தாங்க. நம்ம லயத்துல யாரு கதவத் தட்டுறா? வாசல்ல நின்னு பேரச் சொல்லித்தானே கூப்புடுவாங்க. தட்டுனா அது நம்ம ஆளு இல்ல."

எங்கள் லயத்தில் கதவு தட்டப்பட்ட நாட்களை யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை போலீஸ். இன்னொரு தடவை, மண் சரியுது, எல்லாரும் எழும்புங்க என்று வந்தவர்கள்.

அப்படியானால் பேய் எதற்கு? அதைத்தான் அவளால் என்னிடம் சொல்ல முடியவில்லை. லயத்தில் கேட்டுப் பார்த்தாள். பேயை எடுத்துவிட்டால் படத்தில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் எனக்காகவே பேசினார்கள். நானோ பசறை முழுக்கச் சொல்லி, கல்லூரியில் படம் போடும் காட்சி நாளுக்கு அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன்.

"எல்லாரும் நீ இருக்கணுங்கிறாங்க. நீ சொல்லு புள்ள," என்றாள் ஒரு ராத்திரி எங்கள் அறையில்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அட்டைக்கு இரத்தம் கொடுத்தவள் நான். கோபம் வராமல் இருக்குமா? "வெட்டு," என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

காட்சி நாளன்று ஹோல் நிறைய மாணவர்கள், பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். திரையில் ஒரு பெண் அரிசி புடைக்கிறாள். கதவு தட்டப்படுகிறது. யாரது என்கிறாள். பதில் இல்லை, மறுபடியும் தட்டல். வெளியே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் எழுந்து கதவின் மேல் கையை வைக்கிறாள். திரை இருண்டது. ஹோலில் தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

விரிவுரையாளருக்கு மட்டும் விளங்கவில்லை. அவர் ஊரில் கதவைத் தட்டுவது மரியாதை. "இதிலை பேயையே காணேல்லை," என்று சொல்லிக்கொண்டு பின்னால் திரும்பியவர், பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, "நல்லாக் கேட்டிருக்கிறீர்," என்றார்.

"யாரும் சொல்லலைங்க சார். பாத்தேன்," என்றாள் அக்கா.

பாஸ். துணிக்கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போனது.

என் கவலையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பற்றித்தான். மகளைத் திரையில் பார்க்க, இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தவள். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். திரையில் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. 'கதவைத் தட்டியவர்' என்று போட்டு, அதற்குக் கீழே தனியாக என் பெயர்.

"நீதானா அது? என்னையவே பயமுறுத்திப்புட்டியே," என்றாள் அம்மா, அவ்வளவு பெருமையாக. பசறைக்குப் போகும் பஸ்ஸிலும் அதையே சொல்லிக்கொண்டு போனாளாம்.

அந்தக் கதவைத் தட்டியது அக்காவின் கை. இதை அம்மாவிடம் சொல்ல நான் எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அக்காதான் என்னைக் கிள்ளி நிறுத்துவாள். கூடப் பிறந்திருந்தால்கூட அவளை இவ்வளவு நேசித்திருப்பேனா தெரியவில்லை.